காற்றுக்குச் சாயாத குறுமரம்



ஜொகூர் மாநிலம், சிகாமட் மாவட்டத்தில், லாபிசுக்கும் யோங் பெங்கிற்கும் நடுவே இருக்கிறது சாஆ. பழைய கூட்டரசுச் சாலையில் காரோட்டிப் போகிறவர்கள் பெயர்ப்பலகையைப் படித்து முடிப்பதற்குள் கடந்து விடக்கூடிய சிறு பட்டணம். சீனர்களின் புதுக்கிராமம் ஒரு பக்கம், தாமான் வீடுகள் ஒரு பக்கம், சுற்றிலும் செம்பனை. அந்தத் தாமான் வீடுகளில் ஒன்றின் வாசலில் ஒரு குறுமரம் இருக்கிறது. போன்சாய் என்று ஜப்பானியர் சொல்வார்களே, அதுதான். தட்டைச் சாடியில் நட்டது என்பதுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள். கலை பிறந்ததோ சீனாவில். அங்கிருந்துதான் ஜப்பானுக்குப் போனது.

வாசல் மரத்திற்குச் சொந்தக்காரர் ஒரு பெரியவர். பால்மரம் வெட்டிப் பிழைத்தவர். அவர் குடியிருந்த தோட்டத்து லயங்கள் இடிக்கப்பட்டபோது, அவருடைய வீட்டுத் தண்ணீர்க்காலின் சுவர் வெடிப்பில் ஒரு இச்சிச் செடி முளைத்திருந்தது. மலாய்க்காரர்கள் ஜெஜாவி என்பார்கள். பறவை பழத்தைத் தின்று எச்சமிட்ட இடத்தில் சொட்டு மண்கூட இல்லாமல் முளைத்துவிடும் சாதி. சுவர் விழுவதற்கு முதல் நாள் அதைப் பெயர்த்தெடுத்தவர் அவருடைய மனைவி. காலி சாயத் தகரத்தில் நட்டு, அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றி, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வளர்த்தார். போன்சாய் என்ற சொல்லே அந்த அம்மாளுக்குத் தெரியாது. தகரம் சின்னது என்பதால் மரமும் சின்னதாக இருந்தது, அவ்வளவுதான்.

அம்மாள் காலமான பிறகு பேத்திக்கு ஓர் ஆசை. ஆயி வளர்த்த மரத்தை அழகான சாடிக்கு மாற்றுவோமே என்று நினைத்தாள். யோங் பெங்கில் நீல மெருகு பூசிய தட்டைச் சாடி ஒன்றை வாங்கினாள். ஆழம் இரண்டே அங்குலம். தகரத்தை வெட்டி, அடிவேரில் பாதியை நறுக்கிவிட்டு, தோட்டத்துச் செம்மண்ணைப் போட்டு அமுக்கி நட்டாயிற்று. வாசலில் உயரமான முக்காலியின் மேல் வைத்தாயிற்று. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

பதினோராவது நாள் விடியற்காலையில் காற்று வந்தது.

மேற்குக் கரையிலும் ஜொகூரிலும் இருப்பவர்களுக்கு இந்தக் காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பெரும்பாலும் ஏப்ரல் முதல் நவம்பர் வரை, மலாக்கா நீரிணைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரவோடு இரவாகத் திரண்டு வருகிற சுமத்ரா காற்று. விடியலுக்கு முன்பே இடியும் மழையுமாக வந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். காயப்போட்ட துணி பக்கத்து வீட்டில் கிடக்கும். அன்றைக்குப் பெரியவர் கதவைத் திறந்தபோது சாடி முக்காலியிலேயே இருந்தது. மரம் மட்டும் மண்கட்டியோடு கழன்று அஞ்சடி தள்ளிச் சிமெண்டுத் தரையில் கிடந்தது.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாடி விழவில்லை, மரம்தான் விழுந்தது. குறுமரம் வளர்ப்பவர்களில் பலர் சாடி கனமாக இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். சாடியின் கனம் சாடியைத்தான் காப்பாற்றும். மரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது எது என்பது வேறு கேள்வி.

தரையில் நிற்கும் மரத்துக்கு அதன் வேர்தான் நங்கூரம். கிளை விரிந்த அளவையும் தாண்டி வேர் ஓடியிருக்கும். அந்த வேர்கள் பிடித்திருக்கும் மண்ணின் கனத்தைக் கணக்கிட்டால் டன் கணக்கில் வரும். சாடிக்குள் இருக்கும் மரத்திற்கு அந்த வசதி கிடையாது. மண் ஒரு கைப்பிடி, ஆழம் இரண்டு அங்குலம், மேலேயோ பாய்மரம் போல விரிந்த இலைக்கூட்டம். காற்று இலையைத் தள்ளும்போது தண்டு ஒரு நெம்புகோலாகி அடிவேரை மண்ணிலிருந்து கிளப்புகிறது. நன்றாக வேர் ஓடி, சாடியின் வடிவத்திற்கே பின்னிக்கொண்ட மரமென்றால் தாங்கும். புதிதாக வேர் நறுக்கி நட்ட மரத்தைத் தாங்க எதுவுமே இல்லை. மேசையில் வைத்த பூங்கொத்து மாதிரிதான் அது நிற்கிறது.

சரி, விழுந்தது. எடுத்து நட்டார். இரண்டாம் முறையும் விழுந்தது. அதன் பிறகு பெரியவர் செய்தவை நம்மில் பலரும் செய்யக்கூடியவையே. முதலில் மண்ணின் மேல் கூழாங்கற்களை அடுக்கினார். கல்லின் பாரத்தில் வேரின் தோல் நசுங்கியது; தண்ணீர் உள்ளே இறங்குகிறதா என்று பார்க்கவும் வழியில்லை. பிறகு மூங்கில் குச்சி ஒன்றை ஊன்றித் தண்டோடு சேர்த்து நைலான் கயிற்றால் கட்டினார். தலைப்பக்கம் ஆடாமல் நின்றது, அடிப்பக்கம் ஆடிக்கொண்டேதான் இருந்தது. மூன்று வாரத்தில் கயிறு பட்டையை அறுத்தது. இலைகள் மஞ்சளாகி உதிரத் தொடங்கின.

தண்ணீர் போதவில்லை என்று நினைத்துக் காலையும் மாலையும் ஊற்றினார். இலை இன்னும் வேகமாக உதிர்ந்தது. பேத்தி அழுதாள். "நான்தானே தாத்தா மாத்துனேன்" என்றாள். "நீ மாத்தலைன்னாலும் தகரம் இத்துப்போயிருக்கும்டி" என்றார் அவர். இரவில் காற்றுச் சத்தம் கேட்டால் எழுந்து போய்ச் சாடியை வீட்டுக்குள் தூக்கி வைப்பார். எழுபதைத் தாண்டிய மனிதர், இடுப்பு வலிக்காரர். லயம் போயிற்று, அம்மாளும் போய்விட்டார். அந்த வாழ்க்கையில் இருந்து மிச்சமாகக் கையில் இருந்தது அந்த மரம் ஒன்றுதான்.

வழி சொன்னவர் புதுக்கிராமத்துச் சீன முதியவர் ஒருவர். வீட்டுக் கொல்லையில் சுய் மெய் மரங்களை வரிசையாக வைத்திருப்பவர். சுய் மெய் என்பது தொங்கு காம்பில் வெள்ளைப் பூ பூத்து மணக்கும் செடி. நம் நாட்டுக் குறுமரக்காரர்களின் செல்லப்பிள்ளை. இருவரும் பசார் மலாயில்தான் பேசிக்கொள்வார்கள். மரத்தைப் பார்த்ததும் அவர் இலையைத் தொடவில்லை. இரண்டு விரலால் தண்டைப் பிடித்து மெல்ல அசைத்தார். மண்ணும் தண்டும் சேருகிற இடத்தில் ஒரு கோடு திறந்து மூடியது. ஆடுகிற பல்லை நாக்கால் தள்ளிப் பார்ப்போமே, அப்படி.

"அண்ணே, இதுக்குத் தாகம் இல்லை. ஆட்டம்தான் நோய்" என்றார்.

"கல்லு வச்சேன், குச்சி கட்டினேன், தவுக்கே. இன்னும் என்ன செய்ய?"

"மேலே கட்டினால் போதாது. அடியில் கட்டணும்."

விஷயம் இதுதான். வேரை நறுக்கிய பின் வெட்டுவாயிலிருந்து புதிய வேர்முனைகள் புறப்படும். வெள்ளையாக, நூலைவிட மெல்லியதாக இருக்கும். தண்ணீரை உறிஞ்சுகிற வேலையை இந்த இளமுனைகளும் அவற்றின் மேலுள்ள வேர்த்தூவிகளுமே செய்கின்றன. மரம் ஒரு மில்லிமீட்டர் அசைந்தாலும் மண்ணின் கரடில் உரசி இவை அறுந்துபோகும். மரம் மீண்டும் முனை விடும், மீண்டும் காற்று அறுக்கும். ஒவ்வொரு முறையும் தண்டில் சேர்த்து வைத்த சத்துதான் செலவாகிறது. கடைசியில் இலையை உதிர்த்துச் செலவைக் குறைக்கப் பார்க்கிறது. பார்க்கிறவர்களோ வாட்டம் என்று நினைத்து மேலும் தண்ணீர் ஊற்றுகிறார்கள். வேரில்லாத மண்ணில் தேங்கிய தண்ணீர் மிச்ச வேரையும் அழுக வைக்கிறது. உடைந்த எலும்பு கூடுவதற்கு மாவுக்கட்டு எதற்கோ, நறுக்கிய வேர் பிடிப்பதற்குக் கம்பிக்கட்டு அதற்குத்தான்.

கட்டுகிற விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம். குறுமரச் சாடிகளின் அடியில் தண்ணீர் வடிவதற்குப் பெரிய ஓட்டைகள் இருக்கும். நல்ல சாடிகளில் கம்பிக்கென்றே சின்ன ஓட்டைகளும் இருக்கும். முதலில் வடிகால் ஓட்டைகளின் மேல் பிளாஸ்டிக் வலைத்துண்டை வைத்து, அது நகராதபடி சிறு கம்பியால் கொக்கி போட வேண்டும். பிறகு இரண்டு அல்லது இரண்டரை மில்லிமீட்டர் கனமுள்ள அலுமினியக் கம்பியை, சாடியின் அடியிலிருந்து ஓர் ஓட்டை வழியாக மேலே விட்டு, மறுமுனையை இன்னோர் ஓட்டை வழியாக மேலே கொண்டுவர வேண்டும். சிறிய மரத்துக்கு இப்படி ஒரு கம்பி போதும். பெரியதற்கு இரண்டு கம்பி, நான்கு முனை. இரும்புக் கம்பி வேண்டாம், துருப்பிடித்து அறுந்துவிடும். செம்புக் கம்பி இறுகலானது, வயதானவர்களின் விரலுக்கு அலுமினியமே சுகம்.

சாடியின் அடியில் பருமணலை மெல்லிய மேடாகப் பரப்பி, மரத்தை அதன் மேல் வைத்து, இடவலமாகத் திருகி உட்கார வைக்க வேண்டும். தண்டின் அடியில் வெற்றிடம் விட்டால் எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் மரம் பிறகு இறங்கும், கம்பி தளரும். பலர் தோற்றுப்போகிற இடம் இதுதான். உட்கார்ந்தபின் கம்பி முனைகளைத் தடித்த பக்கவேர்களின் மேல் குறுக்காகக் கொண்டுவந்து முறுக்க வேண்டும். கம்பி வேரைத் தொடுகிற இடத்தில் பழைய சைக்கிள் டியூப்பில் ஒரு துண்டு வெட்டி வைத்துவிட்டால் பட்டை அறுபடாது. முறுக்குவதற்குக் குறடு வேண்டும். ஒவ்வொரு திருகுக்கும் முன்பு கம்பியை மேலே இழுத்து விறைப்பாக்கி அதன் பிறகு திருக வேண்டும். இழுக்காமல் திருகிக்கொண்டே போனால் கம்பி முறுக்கிலேயே அறுந்துபோகும். சாடியில் ஒரே ஓட்டைதான் உண்டு என்றால் அதற்கும் வழி உண்டு. சாடியின் அடிப்பக்கம் ஓட்டைக்குக் குறுக்காக ஒரு சிறு குச்சியோ ஆணியோ வைத்து, கம்பியை அதில் சுற்றி இரு முனைகளையும் அதே ஓட்டை வழியாக மேலே எடுத்துவிட்டால் சரி.

சோதனை எளிது. தண்டைப் பிடித்து மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். மரமும் சாடியும் ஒரே பொருளாகச் சேர்ந்து எழும்ப வேண்டும். மரம் மட்டும் எழும்பினால் வேலை முடியவில்லை என்று பொருள்.

அதன் பிறகுதான் மீதி மண். மண் என்று சொன்னாலும் தோட்டத்துச் செம்மண்ணை அப்படியே போடக் கூடாது. பேத்தி செய்த தவறுகளில் பெரியது வேரை நறுக்கியதல்ல, இதுதான். நயமான செம்மண் மழையில் சேறு, வெயிலில் செங்கல். சேற்றில் வேர் மூச்சு முட்டும். செங்கலாகும்போது மண் சுருங்கிச் சாடியின் ஓரத்தில் இடைவெளி விடும், மரம் மண்கட்டியோடு சேர்ந்தே ஆடும். ஜப்பானியர் அகாதாமா என்ற சுட்டெடுக்காத களிமண் உருண்டைகளை வைத்திருக்கிறார்கள். இங்கே அது விலை அதிகம். சலித்த ஆற்றுப் பருமணல், உடைத்துச் சலித்த செங்கல், கொஞ்சம் கரி, கொஞ்சம் மக்கிய தழை போதும். மூன்று முதல் ஆறு மில்லிமீட்டர் அளவுத் துணுக்குகளாக இருக்க வேண்டும். தூளைச் சலித்து எறிந்துவிட வேண்டும். துணுக்குகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வேரைப் பிடிக்கும், இடையில் காற்றும் நிற்கும். போட்டபின் மீ சாப்பிடுகிற குச்சியால் வேர்களுக்கு நடுவே மெல்லக் குத்திக் குத்தி இறக்க வேண்டும். கையால் அமுக்கக் கூடாது. மண் இனி இறங்காது என்று குச்சியே சொல்லிவிடும்.

சாஆ வாசலிலும் இப்படித்தான் நடந்தது. மரத்தை வெளியே எடுத்தபோது அழுகிய வேரின் நாற்றம் வந்தது. கறுத்த வேரையெல்லாம் நறுக்கினார்கள். வெட்டுவாயிலிருந்து வெள்ளைப்பால் வடிந்தது. பெரியவர் அதைக் கட்டைவிரலில் தொட்டு உருட்டிப் பார்த்தாராம், பழைய பழக்கம். ஆல், அரசு, இச்சி எல்லாம் பால் வடியும் சாதிதான். 1877இல் ஹெவியா கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து, பிறகு அதுவே மலாயா முழுவதும் பரவுவதற்கு முன்பு, ரம்போங் என்கிற அத்திச் சாதி மரத்தையே ரப்பருக்காக இங்கே நட்டுப் பார்த்தார்கள் என்பது பலருக்குத் தெரியாத செய்தி. பாலைத் தண்ணீரால் கழுவிவிட்டால் நின்றுவிடும்.

நட்டபின் மூன்று நான்கு வாரம் நிழல் வேண்டும், காற்றடிக்காத மூலை வேண்டும். உரம் ஒரு மாதத்திற்குக் கிட்டவே வரக் கூடாது. புது வேரை அது சுட்டுவிடும். தண்ணீர் மேல்மண் காயத் தொடங்கும்போது மட்டும். இலை உதிர்ந்த மரத்திற்குத் தண்ணீர்த் தேவை குறைவு என்பதை மறக்கக் கூடாது.

வேர் பிடிப்பது ஒருபுறமிருக்க, வேரின் அமைப்பும் முக்கியம். ஆணிவேரை வைத்துக்கொண்டு மரத்தைத் தட்டைச் சாடியில் நிறுத்தவே முடியாது. அதைப் படிப்படியாகக் குறைத்து, பக்கவேர்களைச் சக்கரத்தின் ஆரங்கள் போல நாலாபக்கமும் விரிய விட வேண்டும். சிலர் தண்டின் அடியில் ஒரு பலகையோ ஓட்டுத்துண்டோ வைத்து நடுகிறார்கள். கீழே இறங்க வழியில்லாமல் வேர் பக்கவாட்டில் ஓடும். ஜப்பானியர் மேலே தெரிகிற இந்த வேர்விரிவை நெபாரி என்று அழைத்து மதிப்பெண்ணே போடுவார்கள். பார்வைக்கு மட்டுமான அழகல்ல அது. விரிந்து நிற்கிற கால்தானே விழாது?

இச்சி, ஆல் போன்றவற்றுக்கு இன்னொரு வசதி உண்டு, விழுது. கிளையிலிருந்து இறங்கத் தொடங்கும் நூல் போன்ற விழுதை, நெடுக்காகக் கீறிய குளிர்பான உறிஞ்சு குழாய்க்குள் விட்டு, ஈரப்பாசி அடைத்து மண்ணுக்குள் இறக்கிவிடலாம். மண்ணைத் தொட்டுவிட்டால் அது பருத்து, சில ஆண்டுகளில் இன்னொரு காலாகவே நிற்கும். சென்னை அடையாறில் பிரம்மஞான சபை வளாகத்தில் உள்ள ஆலமரத்தைத் தமிழ்நாட்டுக்குப் போய் வந்தவர்கள் பார்த்திருப்பார்கள். நூற்றாண்டுகள் கண்ட மரம். 1989இல் வீசிய புயற்காற்றில் அதன் தாய்த்தண்டே சாய்ந்துவிட்டது. நிமிர்த்தப் பார்த்தார்கள், முடியவில்லை. ஆனால் ஆலமரம் சாகவில்லை. விழுதுகள் தாங்கள் பிடித்த மண்ணை விடாமல் நின்றன, இன்றைக்கும் நிற்கின்றன.

குறுமரக்காரர்கள் இடம்பெயர்ந்த கதையும் ஒன்று உண்டு. 1923இல் தோக்கியோவை உலுக்கிய பெரும் பூகம்பத்தில் அங்கிருந்த குறுமரத் தோட்டக்காரர்கள் நிலைகுலைந்தார்கள். நல்ல தண்ணீரும் மண்ணும் தேடி வடக்கே ஒமியா என்ற இடத்துக்குப் போய் 1925இல் ஒரு கிராமமே அமைத்தார்கள். அங்கே குடியேறுகிறவர் குறைந்தது பத்து மரமாவது வைத்திருக்க வேண்டும், வீட்டுக்கு மாடி கட்டக் கூடாது, வேலி உயிர்வேலியாக இருக்க வேண்டும், வாசற்கதவைத் திறந்தே வைக்க வேண்டும் என்று விதி வைத்திருந்தார்களாம். தோட்டத்திலிருந்து தாமானுக்குப் போனபோது நம்மவர்களுக்கும் இப்படி நாலு விதி போட யாராவது இருந்திருக்கலாம்.

இதைவிட வியப்பானது வெள்ளைப் பைன் மரம் ஒன்றின் வரலாறு. 1625 முதல் சாடியில் வளர்வதாகச் சொல்லப்படுகிற மரம். ஹிரோஷிமாவில் யமாகி என்ற குடும்பத்தின் தோட்டத்தில் இருந்தது. 1945 ஆகஸ்டு 6ஆம் தேதி அணுகுண்டு விழுந்த இடத்திலிருந்து அந்த வீடு சுமார் மூன்று கிலோமீட்டர் தூரம்தான். தோட்டத்தைச் சுற்றியிருந்த உயரமான சுவர் மரத்தைக் காப்பாற்றியது. 1976இல் அமெரிக்காவின் இருநூறாம் ஆண்டு விழாவுக்கு அன்பளிப்பாகப் போன மரங்களில் அதுவும் ஒன்று. குடும்பத்தின் பேரன்கள் 2001இல் வாஷிங்டனுக்கு வந்து கேட்டபோதுதான், அது குண்டுக்குத் தப்பிய மரம் என்பது அங்கே தெரிய வந்தது. ஒரு நல்ல சுவர் என்ன செய்யும் என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டாம். வீட்டு வாசலில் குறுமரத்தை எங்கே வைப்பது என்று கேட்பவர்களுக்கும் பதில் இதுவே. மேற்கிலிருந்து வரும் காற்றுக்கு ஒரு சுவர் மறைப்பாக இருக்கட்டும். காலை வெயில் மட்டும் வரட்டும்.

சாடியைத் தட்டோடு கட்டுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மரம் சாடியோடு ஒன்றாகிவிட்டால் அடுத்த காற்றில் இரண்டும் சேர்ந்துதான் விழும்! முக்காலி உயரமாக இருந்தால் அதன் கால் அகலமாக இருக்க வேண்டும். கிளை கீழே தொங்கும் வகை மரங்களுக்கு உயரமான சாடி வைப்பார்கள். அவை எப்போதும் தொங்குகிற பக்கமே சாயப் பார்க்கும். அவற்றைக் கட்டாமல் வைப்பது அசட்டுத் துணிச்சல். ஆனால் சிகாமட் வட்டாரத்தில் ஒரு சிக்கல் உண்டு. 2006 டிசம்பரிலும் 2007 தொடக்கத்திலும் வந்த வெள்ளத்தை அங்கே யாரும் மறக்கவில்லை. 2023 மார்ச்சில் மீண்டும் வந்தது. தண்ணீர் ஏறும்போது கம்பியை வெட்டிக்கொண்டிருக்க நேரமிருக்காது. ஆகவே சாடியைத் தட்டோடு பிணைக்கக் கம்பி வேண்டாம். சைக்கிள் டியூப்பைப் பட்டையாக வெட்டிக் கொக்கி போட்டால் போதும். ஒரே இழுப்பில் கழற்றி மேலே தூக்கி வைக்கலாம். வெள்ளத்தில் ஓரிரு நாள் முழுகினாலும் இச்சி தாங்கிக்கொள்ளும். தண்ணீர் வடிந்தவுடன் மண்ணில் படிந்த வண்டலை மட்டும் கழுவிவிட வேண்டும், இல்லாவிட்டால் அது சிமெண்டு போல அடைத்துக்கொள்ளும்.

அடைமழைக் காலத்தில் சாடியின் ஒரு பக்கத்துக்கு அடியில் சிறு கட்டையை வைத்துச் சற்றே சாய்த்துவிட்டால் தண்ணீர் வேகமாக வடியும். சாடிக்கு அடியில் தட்டு வைத்து அதில் தண்ணீர் நிறுத்துகிற பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். வேர் அழுகுவது ஒரு பக்கம், ஏடிஸ் கொசு முட்டையிடுவது மறுபக்கம். 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி வீட்டில் கொசுப்புழு இருந்தால் அபராதம் உண்டு. சுகாதார அதிகாரிக்குப் போன்சாய் கலை எல்லாம் கணக்கில் வராது.

பெரியவருடைய மரம் உடனே தழைத்துவிடவில்லை. முதல் மாதம் இன்னும் சில இலைகள் உதிர்ந்தன. நைலான் கயிறு அறுத்த இடத்துக்கு மேலே இருந்த கிளை காய்ந்தே போனது. அதை வெட்டியபோது மரத்தின் ஒரு பக்கம் மொட்டையாகத் தெரிந்தது. பேத்தி சாடியைத் திருப்பி வைத்தாள், அந்தப் பக்கம் சுவரைப் பார்க்கும்படி. ஐந்தாவது வாரம் தண்டில் சிவந்த முனைகள் இரண்டு தெரிந்தன. பெரியவர் முதலில் எறும்பு என்று நினைத்தாராம்.

அடுத்த ஆண்டு மண்ணைக் கிளறிப் பார்த்தபோது வேர் சாடியின் ஓரம் வரை ஓடியிருந்தது. சீன முதியவர் வந்து தண்டை அசைத்துப் பார்த்தார். கோடு திறக்கவில்லை.

"இனி கம்பியை வெட்டிடலாம் அண்ணே. விட்டால் வேருக்குள்ளே போய்விடும்."

"இருக்கட்டுமே தவுக்கே, இன்னொரு மழைக்காலம்" என்றார் பெரியவர்.

அவர் விடவில்லை. குறடைத் தானே எடுத்து முறுக்கை நறுக்கினார். டியூப் துண்டுகள் வேரின் வடிவத்திலேயே வளைந்து கிடந்தன. பெரியவர் அன்றிரவு தூங்கவில்லை என்று பேத்தி சொல்கிறாள். காற்று வந்ததென்னவோ நான்கு நாள் கழித்துத்தான். விடியற்காலை இடிச்சத்தத்தில் எழுந்து அவர் கதவைத் திறந்தபோது, இலையெல்லாம் ஒரு பக்கமாகப் படுத்து எழுந்துகொண்டிருந்தது. அடி அசையவில்லை. சாடியை உள்ளே தூக்காமல், நாற்காலியை இழுத்துப் போட்டு மழை விடும் வரை உட்கார்ந்திருந்தார்.

பேத்திக்கு இப்போது ஜொகூர் பாருவில் வேலை கிடைத்திருக்கிறது. மரத்தைக் கூடவே எடுத்துப் போகட்டுமா என்று கேட்டாள். அவர் சம்மதிக்கவில்லை. வெட்டிய கிளைகளில் ஒன்றை மணலில் ஊன்றி ஏற்கெனவே வேர் பிடிக்க வைத்திருந்தார். இச்சிக்கு அது பெரிய காரியமில்லை. அதைக் கையளவு சாடி ஒன்றில் நட்டு, அடியில் குச்சி வைத்து, ஒற்றைக் கம்பியால் கட்டி, தண்டைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் அவள் கையில் கொடுத்தார்.